கட்டிலடியில் நாலு ஆலிம்கள்

மேலப்பாளையத்தில் ஆசியா உம்மாளைப் பற்றி யாரிடம் கேட்டாலும், கெட்டிக்காரி என்றுதான் சொல்வார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள்? மாப்பிள்ளை முஹ்சின், கல்யாணம் முடிந்த கையோடு ஷார்ஜாவுக்கு சபர் போனவர். ரெண்டு வருசத்துக்கு ஒருதரம் வருவார், பெட்டியைத் திறப்பார், அத்தரும் பால்பவுடரும் எடுத்துக் கொடுப்பார், மறுபடி பெட்டியை மூடுவார். இங்கே கொத்தனாரோடு மல்லுக்கட்டி வீடு கட்டியது, மகளை வளர்த்து வள்ளியூரில் கட்டிக்கொடுத்தது, மாமியாரைக் கடைசிவரை பார்த்தது எல்லாம் இவள்தான்.

அந்த மனுசன் போன வருசம் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். ஷார்ஜாவில் பழைய படங்கள் விற்கும் கடையில் வேலை. கடையை மூடும்போது முதலாளி, "உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்" என்றாராம். வேறு ஆளாக இருந்தால் ஏசியைக் கேட்டிருப்பான். இவர் எடுத்தது நாலு காகிதம். நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி பிரான்சில் அச்சடித்து, அதன்மேல் ஒவ்வொன்றாகக் கையால் வர்ணம் பூசிய படங்கள். நாலும் அந்தக் காலத்து ஆலிம்கள், பெரிய அறிஞர்கள். ஒருத்தர் வைத்தியர், மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். ஒருத்தர் நட்சத்திரத்தை அளக்கிறார். ஒருத்தர் கணக்குப் போடுகிறார். நாலாமவர் மடியில் கிதாபை விரித்து வைத்துக்கொண்டு நம்மை நிமிர்ந்து பார்க்கிறார்.

"இத இங்கன கூடத்துல மாட்ட முடியாதுங்க," என்றாள் ஆசியா. "தொழுவுத இடம்லா? முகம் உள்ள படம் தொங்குனா வானத்து மலக்குமார் வீட்டுக்குள்ள வரமாட்டாக."

அவர் சரி என்று நாலையும் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அதுதான் ஆசியாவுக்கு ஆகவில்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குப் பேசித் தீர்த்திருப்பாள். சொந்த வீட்டில் ஃபேன் போடக்கூட, "போடட்டுமா?" என்று கேட்கிற ஆளோடு என்னத்தைப் பேச? வெள்ளிக்கிழமை காலையில் படங்களை எடுத்து மெல்லிய துணியால் ஒற்றும்போது மட்டும் அந்த முகத்தில் ஒரு களை வரும்.

ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனவள், அவர் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டாள். "ஷார்ஜால ஏதாவது வேலை இருந்தாப் பாருப்பா. இங்க இருந்து நான் என்ன செய்யப்போறேன்?" ஆசியா ஈரத் துணியை வாளியோடு படியிலேயே வைத்துவிட்டாள். முடி நரைத்த பிறகும் போவாரா? போவார். பெட்டியை மூடிப் பழகிய கை அது. இந்த வீட்டில் அந்த மனுசனுக்கு என்று ஒரு ஆணி அடிக்கக்கூட இடம் கொடுக்கவில்லையே என்று அன்றைக்குத்தான் நினைத்தாள்.

அடுத்த வெள்ளி அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போனதும் கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள். மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பொம்மைக்கும் காலண்டர் குழந்தைக்கும் செய்ததுதான். கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டால் தலை வேறு, உடம்பு வேறு. பிறகு அது உயிர் உள்ள உருவம் இல்லை, தொங்கவிட்டால் குற்றம் இல்லை. அரிசி மூட்டையில் பேர் எழுதுகிற கறுப்பு மார்க்கரை எடுத்தாள். கோணிவிடக் கூடாதே என்று அளவுகோல் வேறு வைத்துக்கொண்டாள். அவ்வளவு அக்கறை, பாவி மகளுக்கு.

திரும்பி வந்தவருக்கு முன்னால் படங்கள் சுவரில் சாய்ந்திருந்தன. "இனி ஒரு தடையும் இல்ல, மாட்டுங்க," என்றாள்.

முஹ்சின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வைத்தியரின் தாடிக்குக் கீழே ஓடிய கோட்டை விரலால் தொட்டார், தொட்ட விரலைப் பார்த்தார். "கடைல இருந்தப்பவே இத்தன வருசம் ஒரு கீறல் விழாமப் பாத்துக்கிட்டேன் ஆசியா," என்றார் பைய. சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

"நாசம் பண்ணிட்டனா?" என்றாள் ஆசியா. "நீங்க போயிரக் கூடாதுன்னுதான் செஞ்சேன்."

அவர் நாலாவது படத்தைக் கையில் எடுத்தார். அதில் மட்டும் கோடு இல்லை. "இத ஏன் விட்டுட்ட?"

"அது உங்க சாயல்லா இருக்கு. நிக்காஹ் அன்னிக்கு இருந்த மூஞ்சி. அந்தக் கழுத்துல கோடு போட எனக்குக் கை வரல."

"கிறுக்கி. வரஞ்சவன் அந்த ஆலிமையே பாத்தது கிடையாது. அவன் மனசுல தோணுன மூஞ்சி இது."

"இருந்துட்டுப் போகட்டும். எனக்கு நீங்கதான்."

முஹ்சின் அந்தப் படத்தை மடியில் வைத்துத் துணியால் ஒருதரம் ஒற்றினார். பிறகு எழுந்து, கோடு போட்ட மூன்றையும் கூடத்தில் வரிசையாக மாட்டினார். நாலாவதைத் துணியில் சுற்றக் குனிந்தபோது ஆசியா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத அடுப்பங்கரைல மாட்டுங்க. அங்கன நான் தொழுறதில்ல."

"எண்ணெய்ப் புகை பட்டா வர்ணம் போயிரும்."

"போகட்டும். உங்க போட்டாவ அலமாரிக்குள்ள ஒளிச்சு வச்சுப் பாத்தே என் காலம் போச்சு. நீங்க போறதுன்னா போங்க. இவராவது என் கண்ணு முன்னால நிக்கட்டும்."

முஹ்சின் முக்காலியைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனார். ஏறி நின்று, சுவரைத் தட்டிப் பார்த்து, ஆணியை வாயில் கவ்வினார். பிறகு ஏதோ நினைத்து அதை எடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"ஷார்ஜால இருந்து ஒருத்தன் போன் பண்ணுவான். நான் வரலன்னு நீயே சொல்லிரு."