நாய் குறுக்கே வராத பாலம்

வண்டி செங்கேணியுடையது. பெட்ரோல் போடுவது அவள், டயருக்குக் காற்று பிடிப்பது அவள், வெயிலிலும் மழையிலும் அதில் தினம் உத்திரமேரூர் பஜாருக்குப் போய் வருவதும் அவள்தான். ஆனால் புருஷனும் பெண்டாட்டியுமாக எங்காவது கிளம்பினால் ஹேண்டில் கன்னியப்பன் கைக்குப் போய்விடும். ஊர் வழக்கம் அப்படி. பெண்டாட்டி ஓட்ட, ஆம்பிளை பின்னால் உட்கார்ந்து போனால் மீசை உதிர்ந்துவிடும் என்று அந்தப் பக்கத்து ஆண்களுக்கெல்லாம் ஒரு பயம். ஓட்டத் தெரிந்தவள் ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டு, சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார வேண்டும். தெரியாதவன் முன்னால் ஏறி நெஞ்சை நிமிர்த்த வேண்டும். இந்த அழகுக்கு மரியாதை என்று பெயர்.

அந்த மரியாதையைக் கண்டாலே செங்கேணிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் பிறந்தது காவாந்தண்டலம். கல்யாணமாகி உத்திரமேரூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊருக்கு வந்தாள். நாற்று நட்டும் களை பறித்தும் முதுகு ஒடிந்தது போதும் என்று பஜாரில் முஸ்தபாவின் கடைக்கு வேலைக்குப் போனாள். முஸ்தபா விற்பது பாயும் தலையணையும். அதனால் ஊரில் அவருக்குப் பெயர் பாய்க்கடை பாய். வீடு வீடாகச் சரக்குக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்கு ஓடிவிட, "நான் போறேன் பாய்" என்று நின்றவள் இவள்தான். தண்ணீர் வற்றிய ஏரியில் விழுந்து எழுந்து வண்டி பழகினாள். கரையில் உட்கார்ந்து சிரித்தவர்களுக்குக் குறைவில்லை. அதில் கன்னியப்பனும் ஒருவன்.

முதல் ஆடியில் அவளும் ஒரு தப்புச் செய்தாள். பாய்ச் சுருள்களைப் பின்சீட்டில் நெட்டுக்குத்தாக நிற்க வைத்துக் கட்டிக்கொண்டு போனாள். ஏரிக்கரை ரோட்டில் காற்று வண்டியை அப்படியே தூக்கி வாய்க்காலில் வைத்தது. சேறும் சகதியுமாகக் கடைக்குத் திரும்பி வந்தவளை முஸ்தபா மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, கப்பல் இன்னாத்துல ஓடுது? பாய்லதானே? நீ பாய நட்டுக்கினு போனா வண்டி உன் பேச்சக் கேக்குமா, காத்து பேச்சக் கேக்குமா?"

அவ்வளவுதான் அவர் சொன்னது. மிச்சத்தைச் செங்கேணி தானே கற்றுக்கொண்டாள். பாயை நீளவாக்கில், சீட்டுக்குக் கீழே, காற்றடிக்காத பக்கமாகக் கட்டுவாள். முந்தானையை இழுத்துச் செருகி, மேலே ஒரு பழைய சட்டையை மாட்டிப் பொத்தான் போடுவாள். மரம் நிற்கும் இடத்தில் காற்று தெரியாது. அந்த மரம் முடிகிற இடத்தில்தான் அறை விழும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே வருமுன்னே வேகத்தைக் குறைத்துவிடுவாள். காற்று வருகிற பக்கமாக ரோட்டில் கொஞ்சம் ஒதுங்கியே போவாள், தள்ளினால் தள்ளட்டும் என்று. ஹேண்டிலை மட்டும் இறுக்கவே மாட்டாள். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பாள். நசுக்கவும் கூடாது, விடவும் கூடாது. ரொம்ப முற்றிப்போனால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவாள். அதில் அவளுக்கு வெட்கம் கிடையாது. விழுந்து பல் உடைவதைவிட டீ மலிவு.

கன்னியப்பனுக்கு இதெல்லாம் சிரிப்பு. அவன் அடுத்தவர் டிராக்டரை ஓட்டுகிறவன். ஊரில் யார் காதில் விழுந்தாலும் சரி, விழாவிட்டாலும் சரி, "டிராக்டரே ஓட்றவனுக்கு இந்த ஸ்கூட்டி ஒரு மேட்டரா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். டிராக்டரைப் புயலே வந்தாலும் அசைக்காது என்பதும், அதில் உட்கார்ந்திருப்பவன் தூங்கினாலும் அது தன்பாட்டுக்குப் போகும் என்பதும் அவன் மண்டையில் ஏறவில்லை. போன ஆடியில் அவளுடைய வண்டியை எடுத்துக்கொண்டு போய் நாற்றங்காலில் விழுந்தான். வீட்டுக்கு வந்ததும், "நாய் குறுக்க வந்துட்ச்சி" என்றான். அந்த ரோட்டில் நாயே கிடையாது. அவன் விழுந்ததை மூன்று பேர் களையெடுத்துக்கொண்டே பார்த்திருக்கிறார்கள். அப்படியும் அந்த நாய் அவன் வாயில் வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் வெறும் நாய், பிறகு கறுப்பு நாய், பொங்கலுக்குள் அது வெறிநாயாகி, கன்னியப்பன் அதன் உயிரைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுக்கப் பார்த்தவனாகிவிட்டான். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, அதற்கு ஊரில் ஒரு ஆள் வேண்டாமா?

இந்த ஆடியில் மாகறலில் அவனுடைய அக்கா செல்லம்மாள், தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். தம்பி குடும்பத்தோடு வர வேண்டும், வருகிறவர்கள் உட்கார ஒரு பெரிய பாயும் வாங்கி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். செங்கேணி கடையிலேயே நல்லதாக ஒன்று பார்த்து, நைலான் கயிற்றால் நான்கு இடத்தில் இறுக்கிக் கட்டி எடுத்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது பார்த்தால் கயிறு குப்பையில் கிடக்கிறது. பாயின் நடுவில் ரோஸ் கலர் ரிப்பன் ஒன்று பூப்போட்டுக் கட்டியிருக்கிறது.

"இன்னாய்யா இது?"

"அக்காவுக்கு சீர் எடுத்துக்கினு போறோம். கயித்தக் கட்டிக்கினு போனா பாய் விக்கிறவனாட்டம் இருக்காது?"

"பாய் வித்துதான் இந்த வூட்ல சோறு வேவுது. இப்பிடி குடு, வண்டிப் பக்கத்துல நீட்டுவாக்குல கட்டிடறேன். நானே ஓட்றேன். காத்து இன்னிக்கி பேஜாரா கீது."

"நீ ஓட்டி நான் பின்னால ஒக்காந்து அக்கா வூட்ல போயி எறங்கறதா? நல்லா கீதுடி. பாயப் புடிச்சிக்கினு பின்னால ஏறு."

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேலே ஒரு துண்டு. ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டான். தலையில் போட்டால் சீவிய முடி கலைந்துவிடுமாம். ஐந்து வயது மகள் அம்முலு அவனுக்கு முன்னால் கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செங்கேணி பல்லைக் கடித்துக்கொண்டு, பட்டுப்புடவையோடு இடதுபக்கம் காலைத் தொங்கவிட்டு, ஆள் உயரப் பாயை மடியில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு பேருக்கு முன்னால் சண்டை எதற்கு என்று அன்று வாயை மூடியதற்கு அவள் தன்னையே பிறகு எத்தனையோ தடவை திட்டிக்கொண்டாள். அவனுடைய ஜம்பம் அவன் பாடு. முன்னால் நிற்கிற பிள்ளை யார் பாடு?

உத்திரமேரூர் தாண்டும்வரை வீடுகளும் கடைகளும் காற்றை மறைத்தன. அதற்குப் பிறகு புளியமரங்கள். கன்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கடி காத்து? காத்து காத்துன்னியே!" என்று திரும்பித் திரும்பிக் கேட்டான்.

"ரோட்டப் பாரு. மரம் முடியிற எடத்துல மெதுவா போ. பாலம் வருது."

"தெரியும் தெரியும்."

அவனுக்கு ஒன்றும் தெரியாது. செய்யாற்றுப் பாலத்தில் மரமும் இல்லை, சுவரும் இல்லை. மேற்கே ஆறு முழுக்க வெறும் மணல். அங்கே கிளம்புகிற காற்றுக்குப் பாலம்வரை தடுக்க ஆளில்லை. கன்னியப்பன் இன்னும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு பாலத்தில் ஏறினான்.

அறை விழுந்தது. வண்டி சட்டென்று வலதுபக்கம் நகர்ந்தது. கன்னியப்பன் டிராக்டர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி ஹேண்டிலை இரண்டு கையாலும் நெரித்தான். நெரிக்க நெரிக்க வண்டி துள்ளியது. துண்டு பறந்து போய் அவன் முகத்திலேயே சுற்றிக்கொண்டது. ரோஸ் கலர் ரிப்பன் அவிழ்ந்தது. பாய் செங்கேணியின் மடியில் படாரென்று விரிந்து காற்றை வாங்க, வண்டி நடுரோட்டைத் தாண்டிப் போனது. எதிரே பஸ் வந்துகொண்டிருந்தது. ஹாரன் சத்தத்தில் அம்முலு வீறிட்டாள்.

செங்கேணி யோசிக்கவில்லை. பாயை விட்டாள். அது ஒரே தாவலில் பாலத்துக்கு வெளியே போனது. பாரம் விட்டதும் வண்டி மறுபடி இடதுபக்கம் பாய்ந்தது. பஸ் உரசிக்கொண்டு போக, டிரைவர் ஜன்னல் வழியாகக் கன்னியப்பனின் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். கன்னியப்பன் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தினான். வண்டி கைப்பிடிச் சுவர் ஓரமாகச் சாய்ந்தது. தொங்கவிட்ட கால் தரையில் பட்டதுமே செங்கேணி குதித்து, அம்முலுவின் கையைப் பிடித்து இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டாள். பிள்ளைக்கு முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

கன்னியப்பன் நாலுகாலில் கிடந்தான். பாலத்து ஓரத்து மணலில் முகம் பதித்து எழுந்தவன் முதலில் கேட்டது இதைத்தான்:

"பாய வுட்டுட்டியேடி!"

செங்கேணி அவனைப் பார்த்தாள். மீசை முழுக்க மண். இத்தனை வருஷமாக இந்த ஆளுக்கா பயந்துகொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை, தன்மேல்தான் வந்தது.

"பாய்தானே? கீழ கெடக்குது. போயி எட்த்துக்கினு வா," என்றாள்.

"நானா?"

"பின்ன பஸ் டிரைவரா வருவாரு?"

ஆற்றில் இறங்கி, வேட்டியை மடித்துக்கொண்டு, நாணல் புதரில் சிக்கிய பாயை அவன் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்தான். அதற்குள் செங்கேணி வண்டியை நிமிர்த்தி, பிரேக்கைப் பார்த்து, சாவியைக் கையில் வைத்திருந்தாள். பாயை இறுக்கச் சுருட்டி, சீட்டுக்கடியில் எப்போதும் வைத்திருக்கும் கயிற்றால் வலதுபக்கம் தாழக் கட்டினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"அம்முலு, நடுவுல ஒக்காரு. அம்மா இடுப்ப கெட்டியா புடிச்சிக்கோ. நீ அவளுக்குப் பின்னால ஏறுய்யா. ரெண்டு பக்கமும் காலப் போட்டு ஒக்காரு. ஆடாத."

கன்னியப்பன் ரோட்டின் இரண்டு முனையையும் பார்த்தான். தெரிந்தவர் யாரும் வரவில்லை என்று உறுதியானதும் ஏறினான். வண்டி மெதுவாக, காற்றின் பக்கம் ஒரு சின்னச் சாய்வோடு, பாலத்தைக் கடந்தது. டிராக்டர் ஓட்டுகிறவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பெண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பிடியில் அவள் தோள் கன்றிப்போனது.

மாகறல் நெருங்கியதும் அவனுக்கு உயிர் வந்தது. ஸ்பீக்கர் செட்டில் அம்மன் பாட்டுக் கேட்டது. தோளைத் தட்டினான்.

"நிறுத்து, நிறுத்து. இங்கேந்து நான் ஓட்றேன்."

செங்கேணி நிறுத்தினாள். அவன் இறங்கி, வேட்டியை உதறி, முன்பக்கமாக வந்து ஹேண்டிலுக்குக் கையை நீட்டினான். மீசையில் மண் இன்னும் அப்படியே ஒட்டியிருந்தது. காற்றிடம் மட்டும் இந்த ஆளின் வீறாப்புச் செல்லாது என்று நினைத்தாள். தன்னிடமும் இனிச் செல்லாது என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

"எறங்கிட்ட இல்ல?" என்றாள். "நடந்து வா."

வண்டி போய்விட்டது.

அக்கா வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கூழ் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. உறவு முழுக்க அங்கேதான். செல்லம்மாள் ஓடி வந்து பிள்ளையைத் தூக்கினாள்.

"எங்கம்மா என் தம்பி? முட்டி இன்னா சிராய்ச்சிக்கீது?"

செங்கேணி வாயைத் திறக்குமுன் அம்முலு கணீரென்று சொன்னாள்: "அப்பா பாலத்துல வுழுந்துட்டாரு அத்த. காத்து தள்ளிச்சி. அம்மாதான் ஓட்டிக்கினு வந்துச்சி. அப்பா பின்னால கண்ண மூடிக்கினு வந்தாரு."

பந்தல் சிரித்தது. செங்கேணி சிரிக்கவில்லை. பாயை அவிழ்த்து, மணலை உதறி, பந்தலில் விரித்தாள். ஆட்கள் அதில் உட்கார்ந்து கூழைக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

கன்னியப்பன் வந்து சேர்ந்தபோது காற்றில் வேட்டி தலைக்கு மேல் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தது. சட்டையில் மணல், மீசையில் மணல். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் பழைய தைரியம் வந்துவிட்டது. பாயின் நடுவில் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஒண்ணுமில்லக்கா. பாலத்துல வந்துக்கினுகீறோம், திடீர்னு ஒரு நாய்..."

கூழ்ச்சட்டி கையில் இருந்தவர்கள் எல்லாம் சட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். அம்முலு அத்தையின் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நாயே வரலப்பா," என்றாள்.

சாயங்காலம் கிளம்பும்போது காற்று இன்னும் அடங்கவில்லை. மாகறலே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. செங்கேணி சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பினாள். கன்னியப்பன் யார் முகத்தையும் பார்க்காமல், மகளுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் காலைப் போட்டு ஏறி உட்கார்ந்தான்.