பச்சை விளக்கு எரியும் இறக்கம்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு மலைப்பாதையில் தினமும் பைக்கில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறோம், நானும் மனைவியும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறியதால், மெக்கானிக் செயின் சுற்றும் முன் ஸ்பிராக்கெட்டைக் கழற்றி ஒரு பல் குறைவானதை மாட்டினார்.

"இனி ஏத்தம் நல்லா இழுக்கும்ணே. என்ன, பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும்."

ஏற்றம் சுலபமானது. பெட்ரோல்தான் உறுத்தியது. அதை ஈடுகட்ட, திரும்பும்போது எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்கினேன்.

"எதுக்கு ஆஃப் பண்ணீக?" என்றாள் மனைவி.

"எல்லாரும் இப்படித்தான வாராக."

பாதி மலையில் இரண்டு பிரேக்குகளும் சூடேறிப் பிடிக்காமல் போயின. முன்னால் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப் வளைவில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"பிரேக் பிடிக்கல" என்றேன்.

"அப்பக் கியரப் போடுங்க."

சாவியைத் திருப்பி, மூன்றாவதில் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டேன்; எஞ்சின் உயிர்பெற்றது. பிறகு இரண்டாவது. எஞ்சின் உறுமி, ஜீப்பை முட்டாமல் வண்டியை அடக்கியது. ஏறுவதற்காக மாட்டிய ஸ்பிராக்கெட் இறக்கத்திலும் இழுத்துப் பிடிக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது இரண்டாவது கியரில்தான் இறங்குகிறேன். மனைவி என் தோளுக்கு மேல் எட்டி, நியூட்ரலின் பச்சை விளக்கு எரிகிறதா என்று அடிவாரம் வரை பார்த்துக்கொண்டே வருகிறாள்.