நெஞ்சளவுத் தண்ணீரில் ஒரு நடுக்கடல்

1. கதாநாயகன் முழுகிய கதை

கதாநாயகன் தண்ணீரில் விழுந்தபோது வசன ஃபைல் என் கையில் இருந்தது. அப்போது அவர் பேச வேண்டிய வரி: "கருணைக் கடலே, கந்தா! இந்தக் கடலைக் கடக்க உன் திருவடியே தெப்பம்." நான் எழுதியதுதான்.

எழுபதுகளின் தொடக்கம். அடையாறு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் நான் உதவி டைரக்டர். நடிகர் வரியை மறந்தால் கேமராவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. இந்த ஒரு காட்சிக்கு மட்டும் வசனம் எழுத வாய்ப்புக் கிடைத்தது. நன்றாக வந்தால் டைட்டிலில் பெயர் போடுவதாக டைரக்டர் சொல்லியிருந்தார். பெயர் வந்துவிட்டால் போதும், அப்புறம் படம் ஓடினால் என்ன, படுத்தால் என்ன என்றுதான் இருந்தேன்.

படகு உடைந்து, ஒரு பலகைத் தெப்பத்தில் நாள் கணக்காகக் கடலில் கிடப்பவன், முருகனை நினைத்தே பிழைத்துக் கரையேறுகிறான். இவ்வளவுதான் கதை. பணம் போட்டவர் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். எங்களுக்கு அவர் முதலாளி. நெற்றி நிறைய விபூதியோடு வருவார். கடல் செட்டுக்குள் செருப்போடு நுழையமாட்டார், முருகன் வரும் இடமாம். அவர் கழற்றியதால் நாங்களும் கழற்றினோம். லைட்மேன்கள் மட்டும் ஷாக் அடிக்கும் என்று சொல்லி ரப்பர் செருப்புக்கு அனுமதி வாங்கிக்கொண்டார்கள்.

முதலில் நிஜக் கடலில்தான் எடுப்பதாக இருந்தது. ஊரூர் குப்பத்தில் கட்டுமரம் ஏறிய கதாநாயகன் சுந்தரவதனன், முதல் அலையைத் தாண்டுவதற்குள் காலையில் தின்ற பொங்கலைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் கடலை ஸ்டுடியோவுக்கு வரவழைத்தோம். ஒரு பெரிய தொட்டி. வேட்டிக்குப் போடும் நீலப்பொடியை மூட்டை மூட்டையாக அதில் கரைத்தோம். பின்னால் மேகம் வரைந்த திரை. ஓரத்தில் ஏழுமலையும் அவன் ஆட்களும் நீளப் பலகைகளைத் தள்ளி அலை எழுப்புவார்கள். ராட்சத ஃபேன் ஒன்று சாரலை வீசும். கேமரா வழியாகப் பார்த்தால் கரை காணாத சமுத்திரம். கேமராவை விட்டுக் கண்ணை எடுத்தால் சலவைத் தொட்டி.

"அலை பத்தலைடா, ஏழுமலை! சாப்பிட்டேளா இல்லையா எல்லாரும்?" என்று டைரக்டர் கத்தினார். அவர் மயிலாப்பூர்க்காரர், அப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டிருந்தார். ஏழுமலை ஆட்களுக்கு இன்னும் சாப்பாடு வரவில்லை. அந்தக் கோபத்தை எல்லாம் பலகையில் காட்டினார்கள். தெப்பம் ஒரு எம்பு எம்பியது. சுந்தரவதனன் தலைகுப்புற நீலத்துக்குள் போனார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. காலை ஊன்றலாம் என்றும் தோன்றவில்லை. மேலே வந்ததும் வானத்தைப் பார்த்துக் கையை நீட்டி ஆரம்பித்தார்:

"டேய் முருகா! கண்ணை மூடிக்கிட்டியாடா? மொட்டை மொட்டையாப் போட்டேனேடா உனக்கு! எல்லாத்தையும் வாங்கிக்கிட்டேல்ல? இப்ப எங்கேடா போய் ஒளிஞ்சே? வாடா! வந்து தூக்குடா, பாவி!"

இது அச்சில் ஏறக்கூடிய பகுதி மட்டும்.

"இன்னா நைனா இப்டி கத்திகினு கீற? காலை ஊனு! தண்ணி நெஞ்சாண்டதான் கீது!" என்றான் ஏழுமலை.

சுந்தரவதனன் காலை ஊன்றினார். நின்றார். நெஞ்சுக்குத்தான் தண்ணீர். டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார், கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை நீலமாக ஏறி வந்த கதாநாயகன், "இனிமே வீட்டுல குளிக்கிறதையே யோசிச்சுத்தான் செய்யணும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். மறுபடி தொட்டிப் பக்கம் அவரை யாராலும் அழைத்து வர முடியவில்லை.

2. வாய் பொருந்தியது

எடுத்த படத்தை முதலில் சத்தமில்லாமல்தான் போட்டுப் பார்ப்போம். அன்று எல்லாரும் அசந்துபோனோம். நீலத் தண்ணீர், பொன்னாகப் பறக்கும் சாரல், நடுவில் வானத்தைப் பார்த்துத் துடிக்கும் ஒரு முகம். அந்த ஆள் அவ்வளவு நன்றாக அதற்கு முன் நடித்ததில்லை. அன்றைக்கும் நடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னமா உருகுதான் பாருங்க! முருகன் முன்னால நிக்க மாதிரில்லா பேசுதான்! நாளைக்கு சத்தத்தோட போட்டுக் காட்டுங்க."

டைரக்டர் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார். "இதப் பாருடா. நீ எழுதின வசனத்தை அந்த வாயில பொருத்தி டப்பிங் பண்ணிடு. அந்த வசவு மட்டும் முதலாளி காதுல விழுந்துதோ, படத்தை மூட்டை கட்டிடுவார். உனக்கும் இங்க வேலை கிடையாது, தெரிஞ்சுக்கோ."

"சார், தண்ணியில தள்ளினது நான் இல்லையே."

"வசனம் உன் டிபார்ட்மெண்ட்தானே?"

பெயர் வருவது போகட்டும், இருக்கிற வேலையும் போய்விடும் போலிருந்தது.

டப்பிங்கில் அந்தத் துண்டை லூப்பாக ஒட்டி ஓடவிடுவார்கள். ஒரே காட்சி சுற்றிச் சுற்றி வரும். சுந்தரவதனன் சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு, "கருணைக் கடலே, கந்தா!" என்று தேனாகக் குழைந்தார். திரையில் கழுத்து நரம்பு புடைத்து, பல் நறநறவென்று கடிபட்டது. பஸ்ஸில் காலை மிதித்தவனைப் பார்த்து, "தங்கள் திருவடி வாழ்க" என்று ஒருவன் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. நான் வரியை மாற்றினேன், திரும்ப மாற்றினேன். கடைசியில் உதடு திறக்கிற இடம், மூடுகிற இடம் எல்லாம் சரியாக வந்துவிட்டன.

"வாய் பொருந்திருச்சு, தம்பி. மூஞ்சிதான் பொருந்தலை" என்றார் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட்.

3. முதலாளி கேட்டது

மறுநாள் முதலாளி பார்த்தார். விளக்கைப் போட்டதும் என்னைத்தான் முதலில் கேட்டார். "ஏம்ல, இப்படிக் கெஞ்சுதவன் எதுக்குப் பல்லைக் கடிக்கான்?"

நான் டைரக்டரைப் பார்த்தேன். டைரக்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

"தொட்டியில நிசமா என்ன சொன்னான்? அன்னைக்குப் பிடிச்ச சத்தம் இருக்கும்லா? அதைப் போடு."

ஸ்பாட்டில் பிடித்த பைலட் டிராக் இருக்கத்தான் செய்தது. டப்பிங்குக்கு அடையாளமாக வைத்திருப்போம். வேறு வழியில்லை, போட்டோம். "டேய் முருகா!" என்று தொடங்கி, அச்சில் ஏறாத பகுதி உட்பட அவ்வளவும் ஒலித்தது. மனசுக்குள் நான் ஊருக்கு ரயில் ஏறிவிட்டேன்.

"இன்னொரு மட்டம் போடு" என்றார் முதலாளி.

போட்டோம். அவர் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

"மீசை முளைக்காத வயசுல தூத்துக்குடியில தோணி ஏறிக் கொழும்புக்குப் போனேன். நடுக்கடல்ல புயல். பாய் கிழிஞ்சு போச்சு. அன்னைக்கு நானும் அவனை இப்படித்தான் வஞ்சேன். இதைவிட மோசமா. கரையில இறங்குன பொறவுதான் விபூதி பூசுனேன். ஊர்ல எல்லார்ட்டயும், முருகா முருகான்னு கும்பிட்டேன், காப்பாத்துனான்னு சொல்லி வச்சிருக்கேன். பொஞ்சாதிக்குக் கூட இது தெரியாது."

டைரக்டருக்கு உயிர் வந்தது. "அந்த 'டா'வையாவது 'அப்பா'ன்னு மாத்திடலாமா, சார்?"

"மூக்குல தண்ணி ஏறும்போது எவனுக்குவே மரியாதை வரும்? அப்படியே இருக்கட்டும். பொம்பளையாளு கேக்கக்கூடாததை மட்டும் வெட்டிருங்க."

படம் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு கொட்டகைக்கு வந்தபோது, தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் காட்சியில் செருப்பு பறக்கும் என்று பயந்து, எழுந்து ஓட வசதியாகக் கதவோரம் இடம் பிடித்திருந்தேன். "டேய் முருகா!" என்றதும் கொட்டகை அடங்கியது. முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்றாள்.

"கேளு நைனா! நல்லா கேளு! எனக்கும் சேத்துக் கேளு!"

கேட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

டைட்டிலில் என் பெயர் வந்திருந்தது. "ராத்திரி பூரா முழிச்சான்லா, போடுங்க" என்று முதலாளியே சொன்னாராம். கடல் காட்சி வசனம் என்று தனி கார்டு. அந்தக் காட்சியில் என் வரி ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ படத்துக்கு வசனம் எழுதிவிட்டேன், எங்கே போனாலும் அந்தக் காட்சியைத்தான் பாராட்டுகிறார்கள். நீங்களும் எழுத வந்தால், பாத்திரத்தை முதலில் தண்ணீரில் தள்ளிவிட்டுப் பேனாவை மூடி வைத்துக்கொண்டு கேளுங்கள். அவனும் அவன் சாமியும் பேசிக்கொள்ளும் இடத்தில் நமக்கு வேலை இல்லை.