என் புருஷன் பேருக்கு வேறொருத்தி செய்த அர்ச்சனை

போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் அடுப்பும் எரிந்தது, வயிறும் எரிந்தது. என் கணவர் குமரவேல் கட்டட கான்ட்ராக்டர். கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட, படப்பையில் ஒரு குடும்பத்துக்கு ரூம் கட்டிக்கொண்டிருந்தார். கூரைக்கு கான்கிரீட் தளம் போட்டால்தான் அடுத்த பணம் என்பது பேச்சு. தளம் போடக் கையில் பணம் வேண்டுமே! பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

பலகை அடித்துக் கம்பி கட்டியதோடு கையிருப்பு தீர்ந்தது. இரண்டு சனிக்கிழமை கூலி தர முடியவில்லை. ஆட்கள் ஒரகடத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. மழையில் கம்பி துருப்பிடித்தது. பலகை வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஆளில்லாத சைட்டைப் பார்த்த ஓனர், "தளம் போடாம ஒத்த ரூபா கெடையாது" என்று போனை வைத்துவிட்டார். இவருக்குச் சோறு இறங்கவில்லை. "இந்தத் தொழிலே வேணாம் செல்வி" என்று இவர் சொன்ன அன்று நான் உடைந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை மணிமங்கலத்தில் எங்கள் அம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போனேன் என்றால் பொய். சண்டை போடத்தான் போனேன். 'தாயே, அந்த ஓனர் மனசை இளக்கு. இல்லாவிட்டால் உன் வாசலை மிதிக்க மாட்டேன்' என்று மனசுக்குள் கத்திக்கொண்டே அர்ச்சனை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா. பூசாரி அவரிடம் பேர் கேட்டார்.

"குமரவேலு. கான்ட்ராக்டரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நட்சத்திரம்?"

"அதெல்லாம் தெரியாது சாமி. படப்பைல எங்க ரூமுக்குத் தளம் போடாம நிறுத்திட்டாரு. ஆளு நல்லா இருந்தாத்தான எங்க வேல நடக்கும்? அவரு பேருக்கே பண்ணிடுங்க."

"மகம்!" என்று பின்னாலிருந்து கத்திவிட்டேன்.

அவர் திரும்பினார். "நீ யாரும்மா?"

"அவரு சம்சாரங்க்கா" என்றேன். அழுதுவிட்டேன். அந்த அம்மாதான் ஓனரின் மனைவி சரோஜா அக்கா. பேச்செல்லாம் ஆம்பிளைகளுக்குள் நடந்ததால் நாங்கள் பார்த்துக்கொண்டதே இல்லை. நான் திட்டப் போன சன்னிதியில் அவர் என் புருஷனுக்காகக் கற்பூரம் காட்டச் சொல்லி நிற்கிறார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

வாசலில் தொன்னைப் பொங்கலோடு உட்கார்ந்தோம்.

"மின்ன ஒருத்தன் அட்வான்ஸ் வாங்கினு போனவன்தாம்மா, இன்னும் வர்றான். அதான் எங்க வூட்டுக்காரு பயந்துகினு கீறாரு. உங்காளும் ஓடிட்டாருன்னு நெனச்சோம்."

"ஓடலக்கா. கையில காசில்லாம வூட்டுல உக்காந்துகினு கீறாரு."

"அத்த வாயத் தொறந்து சொன்னா இன்னாவாம்?"

எங்கே சொல்வது? காசில்லை என்று ஓனரிடம் சொன்னால் கான்ட்ராக்டருக்கு மானம் போய்விடுமாம். மேஸ்திரி ஊருக்குப் போயிருக்கார், மழை என்று எதையாவது சொல்லி வைப்பார்கள். இவரும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

மறுநாளே அக்காவின் வீட்டுக்காரர் சைட்டுக்கு வந்தார். கான்கிரீட்டுக்கான பணத்தை கான்கிரீட் கம்பெனிக்கு நேராகவே கட்டிவிட்டார். கூலி, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நடந்த வேலைக்குத் தக்கபடி என்று முடிவானது. போன ஆட்கள் திரும்பி வந்து, துருவைத் தேய்த்து எடுத்தார்கள். மழை விட்ட ஒரு கார்த்திகைக் காலையில் தளம் போட்டோம். அன்று எல்லோருக்கும் அக்கா வீட்டு பிரியாணி. இவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், கண் நிறைந்துவிட்டது. தையில் பால் காய்ச்சினார்கள். இப்போது ரூம் முழுக்கப் பையன்கள்.

அம்மன் புண்ணியத்தில் வேலைக்குக் குறைவில்லை. புது வேலை பேசும்போது, வாராவாரம் பணம் என்பதை இவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். நான் ஓனருடைய நட்சத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். "ஜோசியமும் பாக்குறீங்களா?" என்று கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

பணம் வராமல் தவிக்கிறவர்களே, தர வேண்டியவரைச் சபித்துக்கொண்டு கோயிலுக்குப் போகாதீர்கள். அம்மனை நம்பி, அவர் பேருக்கு ஓர் அர்ச்சனை செய்யுங்கள். உங்கள் பேருக்குச் செய்ய அவர் வீட்டு ஆள் அதே வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம்.