ஒன்றேகால் லட்சத்துக்குள் ஒரு எஞ்சின்

எங்கள் வீட்டில் லாரி ஓட்டுவது என் வீட்டுக்காரர், விலை பேசுவது நான். பதினோரு வருடமாக இதுதான் ஏற்பாடு. அவருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. டயர்க்காரர் வாய்க்கு வந்த விலையைச் சொன்னாலும் "சரிண்ணே" என்று எடுத்துக் கொடுத்துவிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவார். இரண்டு முறை அப்படி ஏமாந்து வந்ததும் நான் புர்காவை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். வீரசோழனில் பஸ் ஏறிப் பாளையம்பட்டி ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றால் மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, "வாங்க தங்கச்சி, சண்டைக்கு வந்தீகளா, சும்மா வந்தீகளா?" என்பார்.

எனக்கு எஞ்சினைப் பற்றித் தெரியாது. விலை நியாயமா என்று பார்க்க அது தெரிய வேண்டியதும் இல்லை. கழற்றிப் பார்க்காமல் சொல்கிற விலை ஜோசியம். எதைப் புதிதாகப் போடப் போகிறான், எதைத் துடைத்துத் திரும்ப மாட்டப் போகிறான் என்று தனித்தனியாகச் சொல்லத் தெரியாதவனிடம் பேச்சே கிடையாது. வேலை முடிந்ததும் கழற்றிய பழைய சாமான் அத்தனையும் சாக்கில் கட்டி என் வீட்டுக்கு வந்தாக வேண்டும். அதை ஆட்டோவில் போட்டு அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, புதுசு என்ன விலை என்று கேட்பேன். வாங்க வரவில்லை என்று கடைக்காரருக்கும் தெரியும். சாமான் விலையையும் லேத் கூலியையும் மொத்தத்தில் கழித்தால் மீதி மெக்கானிக்கின் கூலி. அதை ஆளுக்கும் நாளுக்கும் வகுத்துப் பார்ப்பேன். கொத்தனார் கூலிக்கு ஒரு படி மேலே நின்றால் நியாயம். ரொம்ப மேலே போனால் அடுத்த பஸ்ஸில் பாளையம்பட்டிக்குக் கிளம்பிவிடுவேன்.

இதில் அந்த அண்ணனுக்கும் எனக்கும் பேசாமலே ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. அவர் இருபதாயிரம் கூட்டிச் சொல்வார், நான் இருபதாயிரம் குறைப்பேன். இரண்டு பேருக்கும் திருப்தி.

போன வருடம் லாரி நீலப் புகை கக்க ஆரம்பித்தது. இருபது வயசு வண்டி. பரளச்சிப் பக்கம் விறகை எரித்துக் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் கரி மூட்டை ஏற்றித் தூத்துக்குடிக்குப் போவதுதான் அதன் பிழைப்பு. கரித் தூசியைத் தின்று தின்று எஞ்சின் உள்ளே தேய்ந்துவிட்டது. ஒரு நடைக்கு மூன்று லிட்டர் ஆயில் குடித்தது. லோடோடு பாலம் ஏறும்போது பின்னால் வருகிற டவுன் பஸ்காரன் ஹாரன் அடித்தே நம்மைக் கொன்றுவிடுவான்.

அந்த நேரம் பார்த்து சவுதியில் இருக்கிற என் அண்ணன் போன் போட்டான். டிரைவர் விசா ஒன்று வந்திருக்கிறதாம். முப்பதாயிரம் முன்பணம் கட்டினால் போதுமாம், மிச்சத்தை அங்கே சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். என் வீட்டுக்காரர் அவனிடமும் சரி என்றார். வண்டியைச் சரி பண்ணலாம் என்று நான் சொன்னதற்கும் சரி என்றார். கடைசியில் ஒரு கணக்குக்கு வந்தார். "எஞ்சின் வேல ஒன்னேகால் லட்சத்துக்குள்ள முடிஞ்சா வண்டிய ஓட்டுறேன். அதுக்கு மேல போனா எடைக்குப் போட்டுட்டு சவுதிக்குப் போறேன்." முப்பதாயிரத்தையும் பேங்கில் தன் பெயரில் தயாராகப் போட்டு வைத்தார்.

அவர் ஏற்கெனவே ஒன்பது வருடம் அங்கே இருந்து வந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் மூத்த மகள் போனைத்தான் அத்தா என்று நினைத்துக்கொண்டிருந்தாள். போன் சார்ஜில் கிடந்தால் "அத்தா தூங்குறாக" என்பாள். இன்னொரு ஒன்பது வருடத்துக்கு என்னிடம் தெம்பு இல்லை. அந்த ஒன்றேகால் லட்சம் என் புருஷன் ஊரில் இருப்பதற்கான விலை என்றுதான் எனக்குப் பட்டது.

முதலில் பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டோம். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னான், புகையைப் பார்த்தான், தொண்ணூற்றைந்தாயிரம் என்றான். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. நான் கேட்டேன்: "கிராங்க இறக்கி அளந்து பாப்பீகளா?" தேவைப்படாது என்றான். "ஆயில் பம்பு?" அதுவும் தேவைப்படாதாம். அப்புறம் எதற்கு இவனுக்குத் தொண்ணூற்றைந்தாயிரம்? பிஸ்டனை மட்டும் மாற்றி அனுப்பினால் ஆறு மாதத்தில் எஞ்சின் ரோட்டில் உட்காரும். நான் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

பாளையம்பட்டி அண்ணன் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். எஞ்சினைப் பிரித்து, கிராங்கை லேத்துக்கு அனுப்பி அளந்து வாங்கி, எங்களைக் கூப்பிட்டார். லைனர், பிஸ்டன், பேரிங், வால்வு, ஆயில் பம்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டி, "முழு வேலயும் சேத்து ஒன்னரை லட்சம் தங்கச்சி" என்றார்.

"ஒன்னேகால்" என்றேன்.

"கட்டாது தங்கச்சி."

"ஒன்னேகாலுக்கு மேல ஒரு ரூவா கெடையாது. முடியலைன்னா பிரிச்ச கூலிய வாங்கிக்கங்க, சாமானக் கட்டிக் குடுங்க."

அவர் வாயைத் திறந்தார். என் தலைக்கு மேலாக எங்கேயோ பார்த்தார். பிறகு மூடிக்கொண்டு, "சரி, போங்க" என்றார். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் ஒன்றும் தெரியாதவர் மாதிரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே பேச்சில் இருபத்தைந்தாயிரம்! அன்றைக்கு பஸ்ஸில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவரிடம் மூன்று ஊர் தாண்டும்வரை என் சாமர்த்தியத்தையே பேசிக்கொண்டு வந்தேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

பதினோரு நாளில் வண்டி வந்தது. புகை இல்லை, தட்டல் இல்லை. வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, அல்லாவே, இந்த மனுஷன் இனி எங்கேயும் போகமாட்டார் என்று அழுகையே வந்துவிட்டது. அடுத்த வாரம் பழக்கப்படி சாக்கைத் தூக்கிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனேன்.

கடைக்காரர் விலை சொல்லச் சொல்ல நான் அட்டையில் எழுதினேன். சாமான் எண்பத்து நாலாயிரம். லேத்தில் கேட்டேன், பதினாலாயிரம். டீசல் பம்பும் நாசிலும் பார்த்த இடத்தில் பத்தொன்பதாயிரம். ஒன்றேகாலில் கழித்தால் மிஞ்சுவது எட்டாயிரம். இரண்டு ஆள், பதினோரு நாள். ஆளுக்கு நாளைக்கு நானூறு ரூபாய்கூட வரவில்லை. மறுபடி கூட்டினேன், அதே எட்டாயிரம். ஒன்றரை லட்சத்தில் கழித்துப் பார்த்தேன். கூலி சரியாக வந்தது, கொத்தனாருக்கு ஒரு படி மேலே. அவர் சொன்னது நியாயமான விலை. அநியாயம் பண்ணினவள் நான்.

வெட்கமாகப் போய்விட்டது. கழுத்தில் கிடந்த செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பாளையம்பட்டிக்கு பஸ் ஏறினேன். "ஏண்ணே, வழக்கம்போலக் கூட்டிச் சொல்லாம ஏன் உள்ள வெலையச் சொன்னீக?" என்று எடுத்த எடுப்பில் அவரிடமே கோபப்பட்டேன்.

"வண்டிய எடைக்குப் போடுற பேச்சு இருக்குன்னு பாய் சொன்னாக. இதுல போயி வெளையாட வேணாம்னு உள்ளத உள்ளபடி சொன்னேன். நீங்க பழக்கத்துல அடிச்சுட்டீக."

"சரி, மிச்சத்த ரெண்டு தவணையா..."

"அத பாய் அப்பவே குடுத்துட்டாகளே. நான் முடியாதுன்னு சொல்ல வாயெடுத்தேன். உங்களுக்குப் பின்னால நின்னு, சரின்னு சொல்லுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாக. மறுநா வந்து இருபத்தஞ்சக் கையில குடுத்துட்டு, ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாக." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் லாரிக்கு அடியில் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கால் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்தே கேட்டேன்.

"மச்சான், விசாவுக்கு வச்சிருந்த காசு எங்க?"

கிரீஸ் கன் நின்றது.

"எஞ்சினுக்குப் போட்டேன்."

"அன்னைக்கே எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான? போக இஷ்டமில்லன்னு சொல்லியிருந்தா நான் என்ன, கழுத்தப் பிடிச்சா தள்ளப் போறேன்?"

அடியிலிருந்தே சொன்னார்: "அந்தக் காசு கையில கெடந்துச்சுன்னா, ஒங்க அண்ணன் இன்னொரு தடவ கூப்ட்டாப் போயிருவேன் புள்ள. எனக்குப் போகப் பயமா இருந்துச்சு."

நான் அவரை வெளியே வரச் சொல்லவில்லை, அவரும் வரவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சவுதிக்குப் போன் போட்டேன். அண்ணன் நலம் விசாரிக்க ஆரம்பித்தான். நான் அதற்கெல்லாம் நிற்கவில்லை.

"அவுக வரமாட்டாக. இனிமே கேக்காதண்ணே."