மயங்காமல் செய்துகொண்ட ஒப்பரேஷன்

பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது, எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற வேலை எனக்கு. வீடு உப்புவெளியில். ஒருநாள் பெட்டியைத் தூக்கித் தோளில் வைக்கும்போது வலது தொடைச் சந்தில் ஏதோ வழுக்கி இறங்கியது போல இருந்தது. குளிக்கும்போது பார்த்தால், தேசிக்காய் அளவில் ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போகும், எழும்பி நின்றால் வந்துவிடும்.

குடலிறக்கம் என்றார்கள். ஒப்பரேஷன் என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு வியர்த்துவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தெரியாத விஷயம் எதுவானாலும் அது கெட்ட விஷயம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். இடுப்பில் இறுக்கமாக ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டினேன். போதாததற்குச் சிறுவயதிலிருந்தே இழுப்பும் இருமலும். இருமல் வரப்போகிறது என்றால் கை தானாகக் கீழே போய் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் என்றாலும் கோயிலில் என்றாலும் அப்படித்தான். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ!

பிறகு ஒருநாள் அந்த வீக்கம் உள்ளே போக மறுத்தது. மத்தியானம் வரை வலியில் சுருண்டு கிடந்தேன். எப்படியோ தானாகவே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் காட்டியபோது, அடுத்த முறை இப்படி மாட்டினால் குடல் அழுகிவிடும், உயிருக்கே ஆபத்து, உடனே தைக்க வேண்டும் என்று சொல்லி வார்ட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள்.

பக்கத்துக் கட்டிலில் தோப்பூர்ப் பக்கத்து நெல் வியாபாரி ஒருவர் இருந்தார். அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். அவருக்கு இரண்டு பக்கமும் இதே வருத்தம். முன்பு ஒரு பக்கம் செய்து, இப்போது மற்றப் பக்கமும் செய்து முடித்திருந்தார். எப்படிச் செய்தார்கள் என்று கேட்காமல் விடுவேனா நான்?

"வலப்பக்கம் மயக்கிப்போட்டு வெட்டினாங்க. எழும்பி நாள் முழுக்க வாந்தி. இடப்பக்கத்துக்கு முதுகுல ஊசி. காலிரண்டும் வேற ஆருடயோ கால் மாதிரிக் கிடந்திச்சி. பொறகு தலையிடி."

"அப்ப எது நல்லம் நானா?"

"ரெண்டும் நல்லந்தான். உசிரோட இருந்துதானே உனக்குக் கதை சொல்றன்!"

நான் திரும்பவும் அதையே கேட்டேன். மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீ பொண்ணு பாக்கிற மாதிரியல்லோ ஊசி பாக்கிறாய்! ஒண்டைக் கட்டிக்கிட்டு ஆளை விடு தம்பி."

வார்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பயம் போகவில்லை. மயக்கம் கொடுத்தால் இந்த இழுப்பு நெஞ்சோடு எழும்பாமலே போய்விடுவேன். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காது, பிறகு பெட்டி தூக்குவது யார்? இந்த இரண்டு எண்ணமும் மாறி மாறி வந்தன.

அடுத்த நாள் காலையில் டொக்டர் வந்தார். என்னைவிட வயது குறைந்தவர். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். டொக்டர்மார் நின்றபடி கதைத்துத்தான் பார்த்திருக்கிறேன். இருந்து கதைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

"மூண்டு வழி இருக்கு. முழுசா நித்திரையாக்கலாம், ஆனா உங்கட நெஞ்சுக்கு அது அவ்வளவு நல்லமில்லை. முதுகில ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழ கொஞ்ச நேரம் விறைச்சிருக்கும், பிறகு உணர்ச்சி திரும்பி வந்திடும். இல்லாட்டி வெட்டுற இடத்தில மட்டும் ஊசி போட்டு விறைக்கப் பண்ணலாம். முழிச்சிருப்பீங்கள், இழுக்கிறது பிடிக்கிறது தெரியும். நோகுதெண்டால் சொல்லலாம், இன்னும் மருந்து போடுவன்."

"எனக்கென்ன தெரியும் டொக்டர்? நீங்களே சொல்லுங்கோ."

"சொல்லுறன். அதுக்கு முதல் நீங்கள் சொல்லுங்கோ, எதுக்குக் கூடப் பயம்?"

பயப்படாதே என்றுதான் என்னிடம் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். இப்படிக் கேட்டவர் யாருமில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எழும்பாமல் போயிடுவனோ எண்டு" என்றேன்.

"அப்ப முழிச்சே இருங்கோவன்" என்றார்.

அப்படித்தான் முடிவானது. தியேட்டரில் நெஞ்சுக்கு மேலே ஒரு துணியை மறைப்பாகக் கட்டினார்கள். ஊசி குத்தும்போது எரிந்தது. அதன் பிறகு யாரோ என் சட்டைப் பைக்குள் கைவிட்டுத் துழாவுவது போலத்தான் இருந்தது. தலைமாட்டில் நின்ற தாதி மிஸ்ஸி என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தார். நானும் பயத்தில் மூச்சுவிடாமல் கதைத்தேன்.

திடீரென்று துணிக்கு அந்தப் பக்கமிருந்து டொக்டரின் குரல்: "இப்ப ஒருக்கா நல்லா இருமுங்கோ. தையல் நிக்குதோ எண்டு பாப்பம்."

எனக்கு உயிரே போய்விட்டது. வெட்டித் திறந்து வைத்துக்கொண்டு இருமச் சொல்கிறாரே! குடல் எல்லாம் வெளியே கொட்டிவிடாதா? என் கை பழக்கத்தில் கீழே பாய்ந்தது. மிஸ்ஸி எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஏலாது டொக்டர்!"

"அங்க இப்ப என்ர கை இருக்கு. நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் இருமுங்கோ."

மிஸ்ஸியின் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு இருமினேன். "இன்னும் பலமா!" இன்னொரு முறை இருமினேன், இரண்டு வருடமாக அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து.

"ஒண்டும் அசையேல்ல. பெட்டி தூக்கிற ஆளுக்கு இது போதும். ஆனா ஒரு மூண்டு மாசம் பொறுத்துத் தூக்குங்கோ" என்று சிரித்தார்.

தையல் பிரிக்கும் வரை வார்ட்டில் இருந்தேன். டொக்டர் சொன்ன மாதங்களைப் பொறுத்திருந்து பழைய வேலைக்கே போனேன். வீக்கம் திரும்பி வரவேயில்லை. நன்றி சொல்ல ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனபோது, அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள்.

நான் இன்றைக்கும் பயந்தவன்தான், பேரப்பிள்ளை தடிமன் பிடித்து இரண்டு தும்மல் தும்மினாலும் எனக்கு நித்திரை வராது. ஆனாலும் தெரியாத ஒன்றின் முன்னால் போய் நிற்கும் ஒவ்வொரு முறையும், படிக்காத என்னை ஒரு மனிதனாக மதித்து, பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்திய அந்த முகம் தெரிகிறது, என்னையறியாமல் மனதுக்குள் கைகூப்பிக்கொள்கிறேன்.