மெழுகில் பதித்த தோல்: தி. நகரிலிருந்து அடையாறுக்கு ஒரு பயணம்

மலையேற்றப் பதிவுகளுக்காக இங்கே வருபவர்கள் மன்னிக்கவும். இந்த முறை நான் போனது ஆறே கிலோமீட்டர். போன ஜூலையில், என் கணவர் அருளுக்காக.

அருளின் முழங்கால்களிலும் முழங்கைகளிலும் தோல் நிறத்திலேயே சின்னச் சின்ன முடிச்சுகள் கிளம்பின. மந்தைவெளியில் எங்கள் வீட்டுப் படி ஏறவே மூச்சு வாங்கியது. தி. நகரில் ஒரு தோல் மருத்துவர் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். 'அமிலாய்டாக இருக்கலாம்' என்று முடிவு வந்தது. அது இதயத்திலும் படியக்கூடிய புரதம் என்று படித்த பிறகு இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அடையாறில் ரத்தநோய் மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். ரத்தத்தில் ஐஜிஎம் என்ற புரதம் மிக அதிகம், ஆனால் தோலை மறுபடி பார்க்காமல் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது என்றார். அந்தச் சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்களாம். அதை வாங்கி வரச் சொன்னார்.

மறுநாள் காலை பேருந்தில் தி. நகர் போய் ஆய்வகத்தில் கேட்டேன். நோயாளியின் அடையாள அட்டை நகலும் கையெழுத்திட்ட கடிதமும் இருந்ததால் அரை மணியில் கொடுத்துவிட்டார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னது. வெயிலில் வைக்காதீர்கள் என்றார்கள். ஆட்டோ பிடித்தேன், நூற்றைம்பது ரூபாய்.

"இன்னாம்மா, அவ்ளோ பத்திரமா புட்ச்சினு வர்ற?" என்றார் ஓட்டுநர்.

"மெழுகுல வச்ச எங்க வீட்டுக்காரர் தோல். டெஸ்ட்டுக்கு."

சிக்னலில் இறங்கி, வெயில் அடித்த பக்கத்துத் திரையை இழுத்துக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அடையாறில் அதைக் கொடுத்த மூன்றாம் நாள், திசுக்களைப் பரிசோதிக்கும் மருத்துவர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் நுண்ணோக்கி. தோலுக்கு அடியில் ரோஜா நிறத்தில் திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. அமிலாய்டு என்றால், தனிச் சாயம் ஏற்றி ஒருவகை ஒளியில் பார்க்கும்போது பச்சையாக மின்னுமாம். அந்த ஒளியை மாற்றினார். மின்னவில்லை. அடுத்த கண்ணாடித் தகட்டில் அதே திட்டுகள் பழுப்பாக இருந்தன. அது ஐஜிஎம்மைக் காட்டும் சாயம்.

"இது அமிலாய்ட் இல்லம்மா. ரத்தத்துல இருக்கற அதே ஐஜிஎம்தான் தோல்லயும் படிஞ்சிருக்கு. அபூர்வமான நோய்தான், ஆனா மருந்து இருக்கு."

அருள் என்னை நகர்த்திவிட்டுத் தானும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

ஆறு மாத சிகிச்சையில் ஐஜிஎம் மளமளவென்று இறங்கியது. முடிச்சுகள் தட்டையாகிவிட்டன. நோய் முழுதாகப் போய்விடாது, கண்காணிப்பு தொடரும். தொடரட்டும்.

இதே வழியில் போகிறவர்களுக்கு: அறிக்கையோடு நிற்காமல் மெழுகுக் கட்டியையும் தகடுகளையும் கேட்டு வாங்குங்கள். தி. நகருக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மாலையில் கூட்டம் நகர விடாது. அடையாறிலிருந்து திரும்பும் முன் பெசன்ட் நகர் கடற்கரைக்கும் நேரம் ஒதுக்குங்கள். நுண்ணோக்கியில் பார்த்த அன்றைக்கு நாங்கள் போனோம். அருள் தொடை வரை நனைந்து, நான்கு பஜ்ஜி சாப்பிட்டு, இன்னும் இரண்டு கேட்டார்.